ஷிஃப்ட் மாறும்போது பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் சிப்காட் வளாகங்களில், நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் பெரிய கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள்தான் தெரியும். உள்ரோடுகளில் திரும்பினால் சீட், ஒயரிங் ஹார்னெஸ், பம்பர், பிரஸ் பாகங்கள் செய்து கொடுக்கும் வெண்டார் கம்பெனிகள். இந்த அத்தியாயம் அந்த உள்ரோட்டுக் கம்பெனிகளுக்கானது. பெரிய இடங்களில் தகவல் பாதுகாப்புக்குத் தனித் துறையும் பட்ஜெட்டும் உண்டு. 150 பேர் வேலை செய்யும் இடத்தில் ஐ.டி. என்பது ஒரே ஒருவர். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படி ஒரு கம்பெனியின் டிஸ்பாட்ச் மேசையைப் பாருங்கள். வாடிக்கையாளரின் சப்ளையர் போர்ட்டலுக்கு ஒரே ஒரு லாகின். மூன்று ஷிஃப்டும் அதில்தான் உள்ளே போகின்றன. பாஸ்வேர்டு ஒரு சீட்டில் எழுதப்பட்டு, செலோடேப்பால் மானிட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். 90 நாள் முடிந்ததும் புதிய பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி போர்ட்டல் நிற்கிறது. பி ஷிஃப்ட் ஆள் அவசரத்தில் ஏதோ ஒன்றை வைத்துவிட்டு, சீட்டைத் திருத்தாமல் பத்து மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார். சி ஷிஃப்டில் லாரி லோடு ஆகி நிற்கிறது. ஏ.எஸ்.என். என்ற சரக்கு முன்னறிவிப்பைப் போட்டு லேபிள் எடுத்தால்தான் வாடிக்கையாளரின் கேட்டில் வண்டியை விடுவார்கள். சீட்டில் உள்ளதைத் தட்டிப் பார்க்கிறார்கள், அதற்கு முந்தையதைத் தட்டிப் பார்க்கிறார்கள், அக்கவுண்ட் லாக் ஆகிவிடுகிறது. திறந்துவிட வேண்டியவர் மறுநாள் காலைதான் ஆபீசுக்கு வருவார். அதற்குள் லைன் நின்றால் டெபிட் நோட் வந்து சேரும்.

பாஸ்வேர்டு மேனேஜர் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும், இனி எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தொடங்குவார்கள். தனி ஆளுக்கு அது பெரிய உதவிதான். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் ஞாபகம் சின்ன விஷயம். பலரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு பாஸ்வேர்டு இன்றைக்கு யார் யாருக்குத் தெரியும், அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது என்பதுதான் அங்கே பெரிய விஷயம். டூல் ஸ்டோரில் வெர்னியர் எடுத்தால் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறோம். பல கோடி ரூபாய் பில் போகும் போர்ட்டலின் பாஸ்வேர்டுக்கு அப்படி ஒரு ரிஜிஸ்டர் இல்லை. மேனேஜரை அந்த ரிஜிஸ்டராக நினைத்து அமைத்தால்தான் பலன் கிடைக்கும்.

ஒரகடம் ஏற்கெனவே பார்த்தது

2017 மே 12, வெள்ளிக்கிழமை வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. மறுநாளே ஒரகடத்தில் அன்றைய ரெனோ–நிசான் ஆலையில் உற்பத்தி பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பிரான்சில் ரெனோ ஆலைகளும் இங்கிலாந்தில் நிசானின் சண்டர்லேண்ட் ஆலையும் அதே வாரக்கடைசியில் அடிவாங்கின.

வானாக்ரைக்குப் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக அது நுழைந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாத இடங்கள் சிக்கின. பேட்ச் போட்டுவிட்டால் நிம்மதி என்று அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள்.

ஜூன் 27ஆம் தேதி நாட்பெட்யா என்ற அடுத்த மால்வேர் வந்தது. அதுவும் அதே ஓட்டையைப் பயன்படுத்தியது. கூடவே இன்னொரு வேலையும் செய்தது. பிடிபட்ட கணினியின் நினைவகத்திலிருந்து அட்மின் பாஸ்வேர்டை உருவி, அதே பாஸ்வேர்டால் பக்கத்துக் கணினிகளைத் திறந்தது. பேட்ச் போட்டு ஒழுங்காக வைத்திருந்த கணினிகளும் இப்படி வீழ்ந்தன. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்தும் முனையம் முடங்கியது. மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

இந்த வட்டாரத்துச் சிறு கம்பெனிகளில் எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைப்பது வழக்கம். ஐ.டி. ஆளுக்கு அது வசதி. நாட்பெட்யா நுழைந்த வாசல் அந்த வசதிதான். டொமைன் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் லாப்ஸ் வசதியை இயக்குங்கள். 2023 ஏப்ரல் முதல் அது விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு அட்மின் பாஸ்வேர்டை அதுவே வைத்து, அதுவே அவ்வப்போது மாற்றும். டொமைன் இல்லாதவர்கள் 40 கணினிக்கு 40 பாஸ்வேர்டை மேனேஜரில் உருவாக்கிச் சேமியுங்கள். ஒரு நாள் வேலைதான்.

வெண்டார் சின்ன ஆள்தானே, நம்மை யார் தேடி வருவார்கள் என்று கேட்பவர்கள் கோஜிமாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரி கடைசியில் ஜப்பானில் டொயோட்டாவுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் கொடுக்கும் கோஜிமா நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியது. மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் உள்ள தன் 14 ஆலைகளையும், அவற்றின் 28 லைன்களையும் நிறுத்தியது. அந்த ஒரு நாளில் சுமார் 13,000 வண்டிகளின் உற்பத்தி தள்ளிப்போனது. ஸ்டாக் வைக்காமல் மணிக்கணக்கில் சப்ளை நடக்கும் நம் ஊருக்கும் அதே கணக்குத்தான்.

எதை வாங்குவது

குரோம் பிரவுசரில் சேமித்து வைப்பது போதாதா என்பது முதலில் வரும் கேள்வி. ஒரே விண்டோஸ் லாகினை மூன்று பேர் பயன்படுத்தும் கணினியில் அது போதாது. அடுத்து வந்து உட்காருகிறவர் செட்டிங்ஸில் போய் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பாஸ்வேர்டு திருடும் மால்வேர்களும் முதலில் பிரவுசரைத்தான் துழாவுகின்றன.

கீபாஸ் இலவசம், 2003 முதல் இருக்கிறது. எல்லாம் ஒரே ஃபைலில் என்கிரிப்ட் ஆகி இருக்கும், இன்டர்நெட் தேவையில்லை. மெயின்டனன்ஸில் இரண்டு மூன்று பேருக்கு நல்ல தேர்வு. ஆனால் அந்த ஃபைலைத் திறக்கும் எல்லாருக்கும் ஒரே சாவி, யார் எப்போது எதைப் பார்த்தார்கள் என்ற பதிவு கிடையாது. கம்பெனி முழுவதற்கும் என்றால் ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு தரும் மேனேஜர் வேண்டும்: பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ஜோஹோ வால்ட் போன்றவை. எதை எடுத்தாலும், பதிவேடு உண்டா, ஒருவரை ஒரே சொடுக்கில் நீக்க முடியுமா, தேவைப்பட்டால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

நம் சர்வரிலேயே வைத்துக்கொள்வோம் என்று சில முதலாளிகள் விரும்புவார்கள். அதற்கு ஒழுங்காகப் பேட்ச் போட ஆள் வேண்டும். மேனேஜ்எஞ்சின் நிறுவனத்தின் பாஸ்வேர்டு மேனேஜர் ப்ரோவில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2022 ஜூனில் திருத்தம் வந்தது. செப்டம்பரில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பு அந்த ஓட்டை தாக்குதல்களில் பயன்படுவதாக எச்சரித்தது. மூன்று மாதம் சும்மா இருந்தவர்களுக்கு ஆபத்து. ஐ.டி.க்கு ஒரே ஆள் இருக்கும் கம்பெனிக்குக் கிளவுட் சேவையே மேல் என்பது என் கருத்து.

கிளவுட் சேவையும் உடைபடும். லாஸ்ட்பாஸில் 2022ஆம் ஆண்டு அது நடந்தது. அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக நுழைந்தவர்கள், வாடிக்கையாளர்களின் வால்ட் எனும் பாஸ்வேர்டுப் பெட்டிகளின் காப்பிகளை எடுத்துச் சென்றார்கள். உள்ளே இருந்த பாஸ்வேர்டுகள் என்கிரிப்ட் ஆனவை. எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் அப்படி இல்லை. வலுவான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. பலவீனமாக வைத்திருந்தவர்களின் பெட்டியை, திருடியவர்கள் தங்கள் கணினியில் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதனால் மாஸ்டர் பாஸ்வேர்டில் கஞ்சத்தனம் கூடாது.

மாஸ்டர் பாஸ்வேர்டு

சாமி பெயரும் 123ம் சேர்த்து வைப்பது, கம்பெனிப் பெயருக்குப் பின்னால் அட் குறியும் ஆண்டும் போடுவது, டி.என். 21 என்று தொடங்கும் வண்டி நம்பரை வைப்பது இவையெல்லாம் யூகிக்கும் புரோகிராம்களுக்கு அத்துப்படி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்கள் இவற்றைவிட எவ்வளவோ வலுவானவை. பகடை உருட்டிச் சொல் எடுக்கும் முறை ஒன்று உண்டு. 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து ஐந்தைக் குருட்டாம்போக்கில் எடுத்தால், சாத்தியமான சேர்க்கைகள் 28 என்ற எண்ணுக்குப் பின்னால் 18 பூஜ்யம் அளவுக்குப் போகும்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டலாம். கொய்யா, தண்டவாளம், புதன், சல்லடை, மிளகு என்ற மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள், அச்சில் வந்துவிட்டது.) மனதில் பட்டதை எடுக்காமல், அகராதியைக் கண்ணை மூடித் திறந்து எடுங்கள். ழகரம் வரும் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. அதை ஒரு நாள் இசட்-ஹெச் போட்டுத் தட்டுவோம், இன்னொரு நாள் எல் போட்டுத் தட்டுவோம், பெட்டி திறக்காது. முதல் வாரம் ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள், கை பழகியதும் கிழித்துவிடுங்கள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பழைய வழக்கத்தை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017 வழிகாட்டுதலிலேயே கைவிட்டது. 2003இல் அந்தப் பழைய விதிகளை எழுதிய பில் பர் என்பவரே அதற்காக வருந்துவதாகப் பின்னாளில் சொன்னார். அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள். கசிந்த சந்தேகம் வந்தால் உடனே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீளமான ஒன்றை அப்படியே விட்டுவிடலாம். வாடிக்கையாளர் போர்ட்டல் 90 நாள் விதியை இன்னும் வைத்திருந்தால் மேனேஜரின் ஜெனரேட்டரில் புதிதாக உருவாக்கி அங்கேயே சேமியுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கு அந்த நிமிடமே போய்ச் சேர்ந்துவிடும்.

எப்படிப் பிரிப்பது

முதலில் பகிர வேண்டிய தேவையையே குறையுங்கள். இ-வே பில் போர்ட்டலில் துணைப் பயனர்களை உருவாக்கும் வசதி உண்டு. ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்துவிடலாம். அந்தப் போர்ட்டலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு 2025 ஜனவரி 1 முதல் ரூ.20 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும், பிப்ரவரியில் ரூ.5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் எல்லாருக்கும் கட்டாயமாகிவிட்டது. துணைப் பயனரின் ஓ.டி.பி. அவரவர் போனுக்கே போகும். இதைச் செய்யாத இடங்களில் நள்ளிரவு இரண்டு மணிக்கு முதலாளியை எழுப்பி ஓ.டி.பி. கேட்கிறார்கள். அவரும் தூக்கக் கலக்கத்தில் எண்ணைப் படித்துச் சொல்கிறார். ஓ.டி.பி.யைப் போனில் சொல்லிப் பழகிய கம்பெனியை ஏமாற்றுவது மோசடிக்காரருக்கு எளிது.

தனி லாகின் தராத போர்ட்டல்கள்தான் மேனேஜருக்குள் பகிரப்பட வேண்டும். டிஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ், ஹெச்.ஆர்., மெயின்டனன்ஸ், ஐ.டி. என்று பெட்டிகளாகப் பிரித்து, டிஸ்பாட்ச் ஆட்களுக்கு டிஸ்பாட்ச் பெட்டி மட்டும் திறக்குமாறு வையுங்கள். பேங்க் லாகினைப் பகிரவே கூடாது. உருவாக்குபவர், ஒப்புதல் தருபவர் என்று வங்கி தரும் தனித்தனி லாகின்கள் அதற்கு உண்டு. லைனில் நிற்கும் ஆபரேட்டருக்கு மேனேஜர் தேவையில்லை. கையுறை போட்டுக்கொண்டு யாராலும் 20 எழுத்து தட்ட முடியாது. டெர்மினலுக்கு ஐ.டி. கார்டைக் காட்டித் திறக்கும் வசதியே பொருத்தம்.

மேனேஜரின் பிரவுசர் துணைக்கருவி தானே பாஸ்வேர்டை நிரப்பும்போது இன்னொரு காவலும் கிடைக்கிறது. அது முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நிரப்பும். வாடிக்கையாளர் போர்ட்டல் போலவே வடிவமைத்து, முகவரியில் ஆங்கில எல் எழுத்தின் இடத்தில் 1 என்ற எண்ணைப் போட்ட போலிப் பக்கம் வந்தால், களைத்த கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மேனேஜருக்குத் தெரியும். பாஸ்வேர்டு தானே நிரம்பாமல் நின்றால், பாஸ்வேர்டைக் காப்பி எடுத்து ஒட்டாமல் ஐ.டி.யைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். பயிற்சியில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

பல ஆலைகளில் போனின் கேமரா மேல் கேட்டிலேயே ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், சில இடங்களில் போனையே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மேனேஜருக்கு இரண்டாவது சரிபார்ப்பாகப் போன் ஆப்பை வைத்தால் ஷாப் ஃப்ளோரில் இருப்பவர் திறக்க வழியில்லாமல் நிற்பார். அங்கே யு.எஸ்.பி.யில் செருகும் பாதுகாப்புச் சாவி நல்லது. ஒருவருக்கு இரண்டு சாவி பதிவு செய்து, ஒன்றை ஹெச்.ஆர். அலமாரியில் வையுங்கள்.

மெயின்டனன்ஸ் டைரி

பி.எல்.சி. புரோகிராமின் பாஸ்வேர்டு, ஹெச்.எம்.ஐ. திரையின் மேல்மட்ட லாகின், டிரைவின் பேராமீட்டர் லாக், சி.எம்.எம். மெஷினின் லாகின் இவையெல்லாம் மெயின்டனன்ஸ் சீனியர் ஒருவரின் டைரியில்தான் இருக்கும். அவர் வேறு கம்பெனிக்குப் போனதும் மெஷின் பிரேக்டவுன் ஆனால், புரோகிராமைத் திறக்க முடியாமல் மெஷின் செய்தவரைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்க வேண்டிவரும். புதிய மெஷின் வாங்கும்போதே, எல்லாப் பாஸ்வேர்டுகளையும் புரோகிராம் பேக்கப்பையும் ஒப்படைத்த பிறகுதான் கடைசித் தவணை என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதுங்கள். ஒப்படைத்ததும் ஃபேக்டரி டிஃபால்ட்டை மாற்றி மேனேஜரில் ஏற்றுங்கள். டிஃபால்ட் பாஸ்வேர்டுகள் மேனுவலிலேயே அச்சாகி இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. சர்வீஸ் இன்ஜினியர் தூரத்திலிருந்து பார்ப்பதற்காக நிறுவிப்போன எனிடெஸ்க், டீம்வியூவர் லாகின்களையும் தேடிப் பிடியுங்கள். அவற்றுக்கு நிரந்தரப் பாஸ்வேர்டு இருந்தால், அந்த இன்ஜினியருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் உங்கள் மெஷின் திறந்திருக்கிறது.

வேலையை விட்டுப் போகும் நாள்

டிரெய்னிகளும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அடிக்கடி மாறும் வட்டாரம் இது. ஹெச்.ஆரின் நோ டியூஸ் படிவத்தில் ஐ.டி. கார்டு, சேஃப்டி ஷூ, லாக்கர் சாவி இருக்கும். மேனேஜர் கணக்கு நீக்கம் என்று ஒரு வரியைச் சேர்த்து ஐ.டி. கையெழுத்தைக் கட்டாயமாக்குங்கள்.

நீக்கினால் மட்டும் போதாது. பார்த்த பாஸ்வேர்டை அவர் மறந்துவிடப் போவதில்லை. மறைத்துப் பகிரும் வசதி சில மேனேஜர்களில் இருந்தாலும், பிரவுசர் நிரப்பிய பாஸ்வேர்டைத் தெரிந்தவர் வெளியே எடுத்துவிடுவார். அவர் தொட்ட பகிர்வுப் பாஸ்வேர்டுகள் எவை என்று பதிவேட்டில் பார்த்து, அன்றைக்கே மாற்றுங்கள். அமெரிக்காவின் காலனியல் பைப்லைன் 2021 மே மாதம் நின்றது யாரும் பயன்படுத்தாமலும் மூடாமலும் விட்ட ஒரு வி.பி.என். கணக்கால். அதன் பாஸ்வேர்டு ஏற்கெனவே வேறெங்கோ கசிந்த தொகுப்பில் இருந்தது, இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. 44 லட்சம் டாலர் பணயத் தொகை கொடுத்தார்கள்.

பகிர்வு லாகினைக் குறைப்பதில் வியாபார லாபமும் உண்டு. ஜெர்மன் வாகனக் கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களிடம் டிசாக்ஸ் என்ற தகவல் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கேட்கின்றன. பலரும் பயன்படுத்தும் கணக்கை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்பது அதில் வரும் கேள்வி. மேனேஜரின் பதிவேட்டைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

தொழிலாளரின் சொந்தப் பாஸ்வேர்டுகளைக் கம்பெனி மேனேஜரில் வைக்கச் சொல்லாதீர்கள். அவை அவர்களுடையவை. ஆனால் பி.எஃப். பணம் எடுக்க யு.ஏ.என். பாஸ்வேர்டை ஜெராக்ஸ் கடையில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இலவச மேனேஜர் ஒன்றை அவர்கள் போனில் நிறுவிக் காட்ட ஹெச்.ஆர். அரை மணி நேரம் ஒதுக்கினால் பெரிய புண்ணியம். தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியிலும் சொல்லிக் கொடுங்கள்.

எல்லாம் நின்றுபோகும் நாளுக்காக

இரண்டு அட்மின்கள் எப்போதும் இருக்க வேண்டும். ஐ.டி. ஆள் விபத்தில் சிக்கினால் கம்பெனி வெளியே நிற்கக் கூடாது. அவசர மீட்புக் குறியீட்டை அச்சிட்டு, உறையில் சீல் வைத்து, முதலாளியின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். மேனேஜரின் என்கிரிப்ட் செய்த பேக்கப் ஒன்றை மாதம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்துக் கணினியோடு இணைக்காமல் வையுங்கள். கம்பெனி சர்வர் பூட்டப்பட்டு, மேனேஜரும் அதே சர்வரில் இருந்தால், மீட்கத் தேவையான சாவிகள் எல்லாம் பூட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இந்திய சைபர் அவசரப் பிரிவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எந்தக் கணக்கு வழியாக நுழைந்தார்கள் என்று அந்த 6 மணி நேரத்தில் சொல்ல, ஆளுக்கொரு கணக்கும் மேனேஜரின் பதிவேடும் இருந்தால்தான் முடியும். செர்ட்-இன் இலவச எண் 1800-11-4949. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும். இரண்டு எண்களையும், இரு அட்மின்களின் போன் நம்பரையும், மேனேஜர் கம்பெனியின் உதவி எண்ணையும் ஒரே தாளில் அச்சிட்டு செக்யூரிட்டி அறையிலும் பிளான்ட் ஹெட் மேசையிலும் ஒட்டி வையுங்கள். கணினியில் சேமித்து வைத்தால் அன்றைக்குத் திறக்காது.